கைதட்டல் விரலைக் காக்காது

ஆலையில் நடக்கும் பயிற்சி வகுப்பு கலகலப்பாக இருக்க வேண்டும், கலகலப்பாக இருந்தால் தொழிலாளி ஈடுபடுவார், ஈடுபட்டால் கற்றுக்கொள்வார். ஓசூரிலிருந்து பாகலூர், பேரிகை வழியாகக் கர்நாடக எல்லை வரை சிறு பட்டறைகளும் பெரிய ஆலைகளும் பெருகிக்கொண்டிருக்கும் இந்த வட்டாரத்தில், மனிதவளப் பிரிவினர் பயிற்சியாளரை அழைக்கும்போது கேட்பது இதைத்தான். "நம்ம பசங்க தூங்கிடுவாங்க சார், கொஞ்சம் ஜாலியா கொண்டு போங்க." பயிற்சியாளர்களும் அதையே தங்கள் தகுதியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இந்தக் கருத்து தவறானது. உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓடும் இடத்தில் ஆபத்தானதும்கூட.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கை அணைத்து, ஆங்கிலத்தில் அறுபது ஸ்லைடு ஓட்டினால் அவர் தூங்குவார். தூங்குபவருக்கு எதுவும் ஏறாது. இத்தகைய வகுப்புகள் இங்கே பல ஆண்டுகள் நடந்தன, இன்றும் நடக்கின்றன. அவற்றுக்கு எதிராகத்தான் இந்தக் கலகலப்பு வந்தது: தொடக்கத்தில் ஒரு பலூன் விளையாட்டு, நடுவில் குழுப்போட்டி, ஒரு குட்டிக்கதை, ஒரு சினிமாப் பாட்டு, கடைசியில் பரிசும் குழுப்படமும். டிரெய்னிகள் பதினெட்டு, இருபது வயதுக்காரர்கள், கைபேசியில் வளர்ந்தவர்கள், நீண்ட உரை அவர்களிடம் எடுபடாது என்பது அடுத்த வாதம். சிரித்துப் பழகிய குழுவில் கூச்சம் போகும், கேள்வி கேட்பார்கள் என்பது இன்னொன்று. இவற்றைச் சொல்பவர்கள் தொழிலாளியின் மேல் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். நோயை அவர்கள் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். மருந்துதான் பிசகு. ஈடுபாட்டை வெளியிலிருந்து வாங்கி வந்து வகுப்பில் ஊற்ற முடியும் என்று நம்புகிறார்கள். தொழிலாளியின் ஈடுபாடு அவருடைய வேலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வேலையைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் நம் வகுப்புகள் தொடங்குகின்றன.

1. கவனம் வந்தது சரி, எதன்மேல் வந்தது?

பலூனை உடையாமல் கடத்தும் இருபது பேரும் விழித்திருக்கிறார்கள், சிரிக்கிறார்கள், முனைப்பாக இருக்கிறார்கள். அந்த முனைப்பு பலூனின்மேல் இருக்கிறது. அங்கிருந்து அது தானாக நடந்துபோய்ப் பவர் பிரஸ்ஸின்மேல் உட்காரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

பிரஸ்ஸுக்குப் புதிதாகப் போகும் பையனுக்கு என்ன தெரிய வேண்டும்? இரண்டு கையாலும் அழுத்தும் பொத்தான்கள் எதற்கு, ஒன்றை டேப் ஒட்டி அழுத்தியே வைத்துவிட்டால் என்ன ஆகும்? கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்த வேண்டிய சென்சார் வேலை செய்கிறதா என்று ஷிஃப்ட் தொடங்கும்போது எப்படிப் பார்ப்பது? பீஸ் டையில் மாட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது, அவர் வரும்வரை எதைத் தொடக்கூடாது? டார்கெட் பின்தங்கியிருக்கும்போது சூப்பர்வைசர் "கையால எடுத்து விடுடா" என்றால் என்ன பதில் சொல்வது? இந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. எந்த வகுப்பிலும் அதற்கு இடம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஹரியானாவின் வாகன உதிரிபாக ஆலைகளில் காயம்பட்டவர்களோடு பணியாற்றும் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் 'கிரஷ்டு' அறிக்கைகளைப் படித்தால், பவர் பிரஸ்ஸில் விரல் போனவர்களின் வரிசை ஓயாமல் நீள்வதைக் காணலாம். ஓசூரிலும் அதே தொழில்தான், அதே வகை இயந்திரங்கள்தான். இளம் வயதினரை ஆபத்தான இயந்திரத்தில் நிறுத்துமுன் அதன் ஆபத்துகளை முழுமையாகச் சொல்லியிருக்க வேண்டும், அந்த இயந்திரத்திலேயே போதிய பயிற்சி தந்திருக்க வேண்டும், இல்லையேல் நன்கு அறிந்தவரின் மேற்பார்வை இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வகுத்தது. சட்டம் எழுதியவர்கள் மனதில் கருத்தரங்கக் கூடம் இல்லை. அவர்கள் இயந்திரத்தின் முன் நின்று யோசித்தார்கள்.

2. 'இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கவனம் நிற்காது' என்பது பழி.

பேரிகைப் பக்கத்துப் பையன்களை ஊரில் பார்த்தவர் இப்படிச் சொல்ல மாட்டார். பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கும் வீடுகளில் எந்தப் பாத்தியில் சாம்பல்நோய் தலைகாட்டுகிறது என்று இலையைத் திருப்பிப் பார்த்துச் சொல்பவர்கள் அவர்கள். சொட்டுநீர்க் குழாயில் எந்த இடத்தில் அடைப்பு என்று தேடி எடுப்பவர்கள். பழைய பைக்கின் கார்புரேட்டரைப் பிரித்துப்போட்டு அரைநாள் குனிந்தே உட்கார்ந்திருப்பவர்கள். தங்களுக்குப் பொருளுள்ள வேலையில் அவர்களுடைய கவனம் அசைவதில்லை. வகுப்பில் அசைகிறது என்றால், அங்கே சொல்லப்படுவது அவர்களுக்குப் பொருளற்றதாக இருக்கிறது. குறையை அவர்கள் வயதின்மேல் போட்டுவிட்டால் பாடத்தைத் திருத்தும் கடமை பயிற்சியாளரைவிட்டுப் போய்விடுகிறது. இந்தப் பழி இவ்வளவு பரவியதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

உழவர்களுக்குப் பயிற்சி தருவதில் இதே தவறு முன்பு நடந்தது, திருத்தவும்பட்டது. இந்தோனேசியாவில் நெல்லைப் புகையான் பூச்சி அழித்துக்கொண்டிருந்த காலத்தில், 1989இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளி தொடங்கியது. சுமார் இருபத்தைந்து பேர், வாரம் ஒருமுறை, ஒரு பருவம் முழுவதும் வயலில் கூடுவார்கள். செடிகளைப் பார்த்து, பூச்சிகளை எண்ணி, பார்த்ததைப் பெரிய தாளில் வரைந்து, மருந்தடிக்கலாமா வேண்டாமா என்று தாங்களே வாதிட்டு முடிவெடுப்பார்கள். "இது என்ன பூச்சி?" என்று கேட்டால் பயிற்றுநர் பெயரைச் சொல்லிவிட மாட்டார். "எங்கே பார்த்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தது?" என்று திருப்பிக் கேட்பார். அந்தப் பள்ளியிலும் குழு விளையாட்டு உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் உழவர்களை மறுவாரமும் வரவழைத்தது அவர்களுடைய சொந்த நெல். இந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவி, தமிழ்நாட்டுக்கும் வந்தது. பேரிகையில் ஒரே வீட்டில் அப்பா தோட்டத்திலும் மகன் ஆலையிலும் இருக்கிறார்கள். அப்பாவை அறிவுள்ளவராக நடத்தும் பயிற்சிமுறை உலகில் இருக்கிறது. மகனைக் குழந்தையாக நடத்துவது ஏன்?

3. ஐந்துக்கு நாலே முக்கால் மதிப்பெண் எதை அளக்கிறது?

வகுப்பு முடிந்ததும் படிவம் வரும். "பயிற்சி பிடித்ததா?" என்று கேட்கும். சிரித்து முடித்த கையோடு எல்லோரும் ஐந்து போடுவார்கள். அந்தச் சராசரி மேலாளருக்குப் போகும். பயிற்சியாளருக்கு அடுத்த அழைப்பு வரும்.

பயிற்சியை மதிப்பிட நான்கு படிகளைச் சொன்னவர் அமெரிக்கரான டொனால்ட் கிர்க்பாட்ரிக், ஆண்டு 1959. கலந்துகொண்டவரின் எதிர்வினை, கற்றது, வேலையில் மாறிய நடத்தை, விளைவு என்பவை அந்த நான்கு. நம் ஆலைகள் முதல் படியிலேயே நின்றுவிட்டு, மற்ற மூன்றும் அதைத் தொடர்ந்து வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கின்றன. அவை வருவதில்லை. அலிகரும் உடனாய்வாளர்களும் 1997இல் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, பயிற்சி பிடித்திருந்தது என்று சொல்வதற்கும் உண்மையில் கற்றதற்கும் இடையே இருந்த தொடர்பு மிக மெலிது என்று தெரிந்தது.

இன்னும் கூர்மையான சான்று 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகளிலிருந்து வந்தது. தேர்ந்த ஆசிரியரின் சரளமான உரையைக் கேட்ட மாணவர்கள் ஒருபுறம். அதே பாடத்தில் கணக்குகளோடு தாங்களே முட்டிமோதிய மாணவர்கள் மறுபுறம். தேர்வில் அதிகம் பெற்றவர்கள் முட்டிமோதியவர்கள். ஆனால் தாங்கள் குறைவாகவே கற்றதாக உணர்ந்தவர்களும் அவர்கள்தான். கற்கும்போது வரும் தடுமாற்றத்தைக் கற்காததன் அடையாளம் என்று மனம் எண்ணிக்கொள்கிறது.

இதை ஆலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். வெர்னியரைக் கையில் கொடுத்து, பத்து பீஸை அளக்கச் சொல்லி, ஏழைத் தவறாக அளந்ததை முகத்துக்கு நேரே காட்டி, மறுபடி அளக்கவைத்தால் டிரெய்னிக்கு அந்த மணிநேரம் இனிக்காது. படிவத்தில் மூன்று போடுவார். மூன்று வாங்கிய பயிற்சியாளர் அடுத்தமுறை வெர்னியரை எடுக்க மாட்டார், பலூனை எடுப்பார். எது கற்றுத்தருகிறதோ அதை நீக்கும் வேலையைத்தான் இந்தப் படிவம் வருடம் முழுவதும் செய்துகொண்டிருக்கிறது. படித்ததை மறுபடி படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் காட்டினார்கள். அவர்கள் ஆய்விலேயே, ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள்தான் முன்னே நின்றார்கள். வகுப்பு முடிந்த ஐந்தாவது நிமிடத்தில்தான் நம் படிவமும் வருகிறது.

4. அந்த விழுக்காட்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது?

படிப்பதில் 10 விழுக்காடு நினைவில் நிற்கும், கேட்பதில் 20, செய்வதில் 90 என்று ஒரு கூம்புப் படம் பயிற்சியாளர்களின் ஸ்லைடுகளில் தவறாமல் இருக்கிறது. கலகலப்புக்கு அறிவியல் சான்றாக அதைக் காட்டுகிறார்கள். கல்வியாளர் எட்கர் டேல் 1946இல் தம் நூலில் கூம்பு வரைந்தது உண்மை. அதில் எந்த விழுக்காடும் இல்லை. எண்களைப் பின்னால் வந்தவர்கள் ஏற்றினார்கள். இத்தனை உருண்டையான எண்கள் எந்த அளவீட்டிலும் வராது என்பது, தினமும் கேஜ் பிடிக்கும் ஆபரேட்டருக்கே தோன்றும்.

5. சிரிப்புக்கு மொழி வேண்டாம். அதனால்தான் அது இங்கே ஆபத்து.

பேரிகையில் வீட்டுமொழி தெலுங்காக இருக்கும், கன்னடமாக இருக்கும், உருதுவாக இருக்கும், தமிழாக இருக்கும். வடக்கே மாலூர் வட்டம் கர்நாடகம். ஓசூர், சூளகிரி ஆலைகளின் லைனில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் பிள்ளைகளும் நிற்கிறார்கள். பயிற்சியாளர் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறார். அறையில் பாதிப் பேருக்குப் பாதி புரிகிறது.

மந்தமான வகுப்பில் இந்தப் பிழை வெளியே தெரியும். புரியாதவர் முகம் காட்டிக்கொடுக்கும். கலகலப்பான வகுப்பில் தெரியாது. பலூனைக் கடத்த மொழி தேவையில்லை. எல்லோரும் சிரிப்பதால் எல்லோருக்கும் புரிந்துவிட்டதாகப் பயிற்சியாளர் நம்பிவிடுகிறார். ஒடிசாப் பெண் அன்று அறையில் மிக உற்சாகமாக இருந்திருப்பார். கெமிக்கல் டிரம்மின்மேல் இருக்கும் எச்சரிக்கைப் படம் எதைக் குறிக்கிறது என்பது அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

மொழியை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் புதிதாகச் சான்று தேட வேண்டியதில்லை. 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த போபால் ஆலையில் இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. பல தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்புத் துறை 2010இல் தெளிவாக அறிவித்தது: சட்டம் கேட்கும் பயிற்சி, தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் புரியும் சொற்களிலும் இருக்க வேண்டும். சொற்கள் என்று தனியாகச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். தமிழிலேயே பேசினாலும் 'இடர் மதிப்பீடு' என்றால் நம் ஹெல்பருக்குப் புரியாது. "எங்க கை மாட்டும்னு காட்டு" என்றால் புரியும். தெலுங்கு பேசும் மூத்த ஆபரேட்டரும் ஒடியா பேசும் லைன் லீடரும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து ஆள் அழைக்கும் செலவில் அவர்களைப் பயிற்றுநராக்கலாம். யாரும் கேட்பதில்லை.

6. 'ஈடுபாடு தேவை என்று ஆய்வே சொல்கிறதே?'

சொல்கிறது. மைக்கேல் பர்க்கும் உடனாய்வாளர்களும் 2006இல் தொழிற்பாதுகாப்புப் பயிற்சி பற்றிய 95 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பயிற்சி எவ்வளவு ஈடுபடுத்துகிறதோ அவ்வளவு அறிவு கூடுகிறது, விபத்து குறைகிறது என்று முடிவு கண்டார்கள். எதிர்த்தரப்புக்கு இதைவிட வலுவான சான்று இல்லை. ஆனால் அவர்கள் மிக உயர்ந்த ஈடுபாடு என்று எதை வகைப்படுத்தினார்கள்? சரியான செயலைச் செய்து காட்டுவது, தொழிலாளியே கையால் செய்வது, தவறை உடனே சொல்லித் திருத்துவது, பேசி விவாதிப்பது. உரை கேட்பதும் காணொளி பார்ப்பதும் கடைசித் தட்டு. இதில் பாட்டும் பரிசும் எங்கும் வரவில்லை. ஆக, இந்த ஆய்வு என் பக்கமே நிற்கிறது.

அந்த உயர்ந்த தட்டு எப்படி இருக்கும் என்பதற்கு எண்பது ஆண்டுப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது ஆண்கள் போருக்குப் போக, இயந்திரத்தையே தொட்டிராத பெண்களும் புதியவர்களும் அமெரிக்க ஆலைகளுக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க சூப்பர்வைசர்களைத் தயார்செய்யும் திட்டம் 1940இல் தொடங்கி 1945 வரை நடந்தது. 'தொழிலகத்துக்குள் பயிற்சி' என்று அதற்குப் பெயர். பத்துப் பத்துப் பேராக, இரண்டிரண்டு மணி நேரம், ஐந்து அமர்வு. மொத்தம் பத்து மணி நேரம்தான். 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தத் திட்டத்தில் சான்றிதழ் பெற்றார்கள்.

முதல் அமர்வில் பயிற்றுநர் ஒரு மின்வயரை எடுப்பார். பல்பு ஹோல்டருக்குள் இணைப்பின்மேல் இழுவை விழாமல் இருக்க எலக்ட்ரீஷியன்கள் போடும் முடிச்சு ஒன்று உண்டு. அதைப் போடும் விதத்தை ஒருவருக்கு வாயால் மட்டும் சொல்வார். அவரால் போட முடியாது. இன்னொருவருக்குப் பேசாமல் செய்து மட்டும் காட்டுவார். அவராலும் முடியாது. இவ்வளவு காலமும் தங்கள் ஆட்களுக்குத் தாங்கள் கற்றுக்கொடுத்த விதம் இந்த இரண்டில் ஒன்றுதான் என்பது அறையிலிருக்கும் பத்து சூப்பர்வைசர்களுக்கும் அப்போது உறைக்கும். பிறகு மூன்றாமவருக்கு முறையாக: முதலில் பதற்றம் தணித்து, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டு, ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் சொல்லிக் காட்டி, எந்த இடத்தில் கை தவறும் என்று சுட்டி, அவரையே செய்யவிட்டு, செய்துகொண்டே ஏன் செய்கிறார் என்று சொல்லவைத்து, தனியே விட்டபின் யாரைக் கேட்கலாம் என்று பெயர் சொல்லி அனுப்புவது. அடுத்த அமர்வுகளில் ஒவ்வொரு சூப்பர்வைசரும் தன் ஆலையிலிருந்து ஒரு வேலையைக் கொண்டுவந்து மற்றவர்முன் கற்றுக்கொடுத்துக் காட்ட வேண்டும். கற்பவருக்கு வரவில்லை என்றால் குற்றம் கற்பித்தவருடையது என்பது அங்கே விதி. போருக்குப்பின் ஜப்பான் இந்த முறையைத் தன்னதாக்கிக்கொண்டது. டொயோட்டாவின் பயிற்சிமுறைக்கு அடித்தளம் இதுதான்.

அந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் தூங்கியிருக்க முடியாது. ஒரு வயரும் ஒரு முடிச்சும் போதுமாக இருந்தன.

7. 'லைனை நிறுத்த முடியாது சார்.'

கடைசியில் எல்லா விவாதமும் இங்கேதான் வந்து நிற்கும். இயந்திரத்தில் கற்றுக்கொடுத்தால் உற்பத்தி நிற்கும். கூடத்தில் ஐம்பது பேரை உட்காரவைத்தால் ஒரே நாளில் முடியும். கணக்கு சரிபோலத் தோன்றும். ஐம்பது பேரின் ஒரு நாள் உழைப்பு, அழைத்தவருக்குக் கட்டணம், சாப்பாடு, பரிசு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தவர் இப்படிச் சொல்ல மாட்டார். வாரவிடுமுறையில் கூப்பிட்டால் லைன் நிற்காது என்பார்கள். நின்றுபோவது அந்தத் தொழிலாளியின் ஓய்வு. அது கணக்கில் ஏறுவதில்லை.

கூடத்தைத்தான் விரும்புவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது, அதை வெளிப்படையாகப் பேச வேண்டும். கூடத்தில் ஒரே தாளில் ஐம்பது கையெழுத்து கிடைக்கும். தணிக்கைக்கு வருபவர் பயிற்சிப் பதிவேட்டைக் கேட்பார். தாள் இருந்தால் மேலே போவார். விபத்து நடந்தால் அதே தாள் வெளியே வரும். "பயிற்சி கொடுத்தாச்சு, கையெழுத்து இருக்கு, அவன்தான் கவனமா இல்ல." காண்ட்ராக்ட்டில் வந்து முதல்நாள் காலையில் கையெழுத்துப் போட்டு மதியம் இயந்திரத்துக்குப் போனவருக்கு எதிராக அவருடைய கையெழுத்தே சாட்சி சொல்கிறது. வகுப்பு இனிமையாக இருந்ததாக அவரே ஐந்து மதிப்பெண் போட்ட படிவமும் கூடச் சேர்கிறது. பயிற்சி, தொழிலாளியைக் காப்பதற்குப் பதில் நிர்வாகத்தைக் காக்கும் கருவியாகிவிடுகிறது.

போபாலுக்குப்பின் 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியவர்கள் வேறு திசையில் யோசித்தார்கள். புதிதாகச் சேர்த்த 111ஏ பிரிவில், தன் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறுவதும் அதற்கான பயிற்சியைப் பெறுவதும் தொழிலாளியின் உரிமை என்று எழுதினார்கள். உரிமை என்றால் கேட்கலாம். கேட்டது கிடைக்காவிட்டால் புகார் செய்யலாம். பலூன் வகுப்பில் தொழிலாளி எதையும் கேட்பதில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்.

லைனை நிறுத்தாமல் பழக்கவே முடியாத பாடமும் உண்டு. 2024 செப்டம்பர் 28 அதிகாலையில் ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பிடித்தது. உள்ளே ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. உயிர்ச்சேதம் இல்லாமல் எல்லோரும் வெளியே வந்தார்கள். அப்படியொரு நேரத்தில் புகைக்குள் கால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை நடந்து பழகியிருந்தால்தான் தெரியும். எல்லாத் தொழிலாளர்களும் வெளியேறும் வழிகளை அறிந்திருக்க வேண்டும், அந்த நடைமுறையில் பழக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு ஆலையின்மேல் சுமத்தியது. நைட் ஷிஃப்டையும் சேர்த்து, புதிதாக வந்த காண்ட்ராக்ட் ஆளையும் சேர்த்து, அவரவர் நிற்கும் இடத்திலிருந்தே நடத்திப் பார்க்க லைனை நிறுத்தத்தான் வேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒருநாள் கூடத்தை ஐந்து நாளுக்குப் பிரித்து, ஷிஃப்ட் நேரத்துக்குள், சம்பளத்தோடு, நாளுக்கு ஒரு மணி நேரம் இயந்திரத்தின் பக்கத்தில் நடத்த வேண்டும். பயிற்றுநர் அந்த லைனின் செட்டராகவோ மூத்த ஆபரேட்டராகவோ இருக்கட்டும். அவருக்கு அதற்கென்று தனிப்படி கொடுக்க வேண்டும், அந்த மணிநேரம் அவருடைய டார்கெட்டில் ஏறக்கூடாது. ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து, வேலையை டிரெய்னியிடமே கொடுத்து "இப்ப எனக்கு நீ கத்துக்கொடு தம்பி" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். யாருக்கு எந்த வேலை தெரியும் என்று காட்டும் ஸ்கில் மேட்ரிக்ஸில் அவர் பெயருக்கு நேரே உள்ள வட்டத்தை அதற்குப் பிறகுதான் நிரப்ப வேண்டும். வகுப்பு முடிவில் மதிப்பெண் படிவத்துக்குப் பதில் ஒரே ஒரு தாள்: இன்று யார் என்ன கேட்டார்கள், எந்த இயந்திரத்தில் எது பழுது என்று சொன்னார்கள், அதை யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வார். தொழிலாளியின் கையெழுத்து அதில் தேவையில்லை. ஆலை மேலாளர் கையெழுத்துப் போட்டு, லைனிலேயே எல்லோரும் பார்க்கும்படி ஒட்டட்டும்.